ஆள் இல்லாத நேரத்தில் டிராக்கைப் பூட்டி வையுங்கள்

இராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் கோ-கார்ட் (தரையை ஒட்டி ஓடும் சின்னத் திறந்த பந்தய வண்டி) டிராக் நடத்தும் சங்கங்களின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

தலைவர், செயலாளர், பொருளாளர் என்று பொறுப்பில் இருக்கும் அண்ணன்மார்களுக்கும் கமிட்டியில் இருக்கும் தம்பிகளுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான். போட்டி நாளில் டிராக்கில் இருக்கிற மேற்பார்வையும் காப்பீடும் பயிற்சி நாளிலும் இருக்க வேண்டும். அதற்கு ஏற்பாடு செய்ய முடியாத நேரத்தில் கேட் பூட்டியே கிடக்கட்டும். சாவி வைத்திருப்பவர் நினைத்த நேரத்தில் திறந்துவிடுகிற பழக்கம் நிற்க வேண்டும்.

நான் விசைப்படகு எஞ்சின் வேலை பார்ப்பவன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகளெல்லாம் கரையேறி நிற்கும், எனக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. மற்ற மாதங்களில் ஞாயிற்றுக்கிழமைகளில் டிராக்குக்கு வந்துவிடுவேன். கார்ட்களின் செயினும் பிரேக்கும் பார்ப்பேன், ஆள் குறைந்தால் கொடி பிடிப்பேன். என் அண்ணன் மகள் அங்கேதான் ஓட்டிப் பழகுகிறாள். வெளியில் நின்று குறை சொல்ல வந்தவன் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த டிராக்குகள் நடக்க வேண்டும், வளர வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவு விளக்கில் ஃபார்முலா 4 கார்கள் ஓடின. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. அதற்கப்புறம் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வந்த ஆசையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கோயம்புத்தூரிலிருந்து கிளம்பிய நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா 1 வரை போனார், சென்னையிலிருந்து கருண் சந்தோக் 2010இல் போனார். உச்சிப்புளியிலிருந்தோ கீழக்கரையிலிருந்தோ ஒரு பிள்ளை ஏன் போகக்கூடாது? அந்த ஆசைக்கு நம் மாவட்டத்தில் இடம் கொடுத்தவர்கள் நீங்கள்தான். அந்த மரியாதை எனக்கு என்றும் உண்டு.

ஆனால் நம்மிடம் ஒரு நினைப்பு ஊறிப் போயிருக்கிறது. "பிராக்டீஸ்தானே" என்கிறோம். போட்டி என்றால் ஆம்புலன்ஸ் நிற்கும், வளைவுக்கு ஒருவர் கொடியோடு நிற்பார், ஓட்டத்துக்கு முன்னால் ஒவ்வொரு வண்டியையும் சோதித்துச் சீட்டு ஒட்டுவார்கள். மறு ஞாயிறு அதே டிராக்கில் அதே பிள்ளைகள் அதே வேகத்தில் ஓட்டும்போது இவை எதுவும் இருப்பதில்லை. டிராக் என்னவோ அதேதான்.

என் கணக்கில் பயிற்சி நாள்தான் அபாயம் கூடியது. போட்டியில் ஒரே வகை வண்டிகள், ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடும். பயிற்சியில் எல்லாம் கலந்து ஓடும். மணிக்கு 50, 60 கிலோமீட்டர் போகிற வாடகை வண்டியில் முதல் தடவை உட்கார்ந்த பையன் இருப்பான். அவனுக்குப் பின்னால் 125 சிசி டூ-ஸ்ட்ரோக் வண்டியில் 100ஐத் தாண்டிப் பழகியவர் வருவார். அவருக்கு முன்னால் போகிற வண்டி நின்றுகொண்டிருக்கிற மாதிரிதான் தெரியும். இப்போதுதான் பிரேக் பிரித்துப் பூட்டிய வண்டியை "ஒரு ரவுண்டு பார்த்துட்டு வர்றேன்" என்று எடுப்பதும் பயிற்சியில்தான். புதிய ஆளைப் பழக்குவதும், மழை பெய்த டிராக்கில் பிடிமானம் பார்ப்பதும் அன்றைக்குத்தான். வண்டிகளை நிறுத்திப் பார்க்கும் பிட் ஓரத்தில் தம்பி தங்கைகள் விளையாடிக்கொண்டிருப்பார்கள். இத்தனையும் ஒன்றாய்ச் சேர்கிற நாளில்தான் நாம் ஆளில்லாமல் விடுகிறோம்.

போன ஆடியில் நடந்ததைச் சொல்கிறேன். எந்த டிராக் என்று எழுதமாட்டேன், அந்தச் சங்கத்தாருக்குத் தெரியும். ஞாயிறு சாயங்காலம், கச்சான் காற்று மணலை வாரி அடித்துக்கொண்டிருந்தது. நான் ஷெட்டில் ஒரு வண்டிக்குச் செயின் மாற்றிக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பையன் ஒருவன் வாடகை வண்டியில் கடல் பக்க வளைவுக்குள் நுழைந்தான். அங்கே தார் மேல் மெல்லிய மணல் படிந்திருந்தது. பிரேக்கைத் தொட்டதும் வண்டி சுழன்று, குறுக்கே நின்று, எஞ்சினும் அணைந்துவிட்டது. வளைவுக்கு முன்னால் உயரமாய் டயர் அடுக்கியிருந்ததால் பின்னால் வருகிறவருக்கு அவன் நிற்பது தெரியாது. மஞ்சள் கொடி காட்ட அங்கே ஒருவரும் இல்லை. அடுத்து வந்தது ஒரு 125 வண்டி.

பையனுக்கு மணிக்கட்டில் இரண்டு எலும்பும் முறிந்தன. மோதியவருக்கு விலா எலும்பில் அடி. பையனை மதுரைக்குக் கொண்டுபோய் பிளேட் வைத்தார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதற்கு அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னார் அந்தப் பையனின் உம்மா. வாப்பா வெளிநாட்டில் வேலை பார்க்கிறார், மறுநாள் காலையில்தான் அவருக்கே சொன்னார்கள்.

அப்புறம் காப்பீட்டுக்குப் போனார்கள். சங்கத்திடம் பாலிசி இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. அதில் அந்த ஆண்டு நடக்க இருந்த போட்டித் தேதிகள் மட்டும் அச்சாகியிருந்தன. விபத்து நடந்த ஞாயிறு அந்தப் பட்டியலில் இல்லை. அன்றைக்கு யார் யார் ஓட்டினார்கள் என்று கையெழுத்துப் பதிவேடும் இல்லை, பொறுப்பாளர் என்று யார் பெயரும் எழுதப்படவில்லை. ஒப்புதல் படிவத்தில் இருந்தது பையனுடைய மாமன் மகனின் கையெழுத்து. அவனுக்கே 19 வயதுதான். கோரிக்கை திரும்பி வந்துவிட்டது. மருத்துவமனையில் கட்டியது முழுக்க அந்த வீட்டுப் பணம்.

மேற்பார்வை வேறு, காப்பீடு வேறு என்று நம் கமிட்டிகள் தனித்தனியாகப் பேசுகின்றன. அந்த வீட்டுக்கு நேர்ந்ததைப் பார்த்தால் இரண்டும் ஒன்றோடொன்று கட்டிக் கிடப்பது புரியும். காப்பீட்டு நிறுவனத்திலிருந்து வருகிறவர் முதலில் கேட்பது, அன்றைக்கு டிராக் யார் பொறுப்பில் இருந்தது என்றுதான். பெயர் பதிவேட்டில் இருக்கிறதா, ஹெல்மெட் போட்டிருந்தானா, வண்டியைச் சோதித்தது யார் என்பதெல்லாம் அடுத்தடுத்து வரும். பொறுப்பாளர் இல்லாத டிராக்கில் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல யார் இருக்கிறார்கள்? பிரீமியம் கட்டியும் பயனில்லாமல் போகிற இடம் அதுதான்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்றும் இருந்துவிட முடியாது. சாலையில் ஓடுகிற வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆவது பிரிவு சொல்கிறது. அது பொது இடத்தில் ஓடும் வண்டிக்கு. அதே சட்டம் மோட்டார் வாகனம் எது என்று வரையறுக்கும்போது, தொழிற்சாலைக்குள்ளோ மூடிய வளாகத்துக்குள்ளோ மட்டும் ஓட்டுவதற்கென்று செய்த சிறப்பு வண்டியை விட்டுவிடுகிறது. கார்ட் அந்த விலக்குக்குள் வரும் என்று வாதாட நன்றாகவே இடம் இருக்கிறது. ஆர்.சி. புத்தகம் கிடையாது, எஃப்.சி. கிடையாது, ஆர்.டி.ஓ. வந்து பார்ப்பது கிடையாது. சாலை விபத்தில் அடிபட்டவர் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போகிற மாதிரி இங்கே போக முடியும் என்றும் நம்பிக்கை வைக்க முடியாது. 18 வயது ஆகாத பிள்ளை சாலையில் கார் ஓட்டினால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் என்று 2019இல் சட்டத்தைத் திருத்தினார்கள். டிராக்குக்குள் அந்தக் காவலும் இல்லை. உள்ளே வந்த பிள்ளைக்குச் சட்டம், போலீஸ், ஆர்.டி.ஓ. எல்லாமே நீங்கள் போடுகிற விதிதான்.

வீட்டில் ஏற்கெனவே இருக்கிற பாலிசிகள் கைகொடுக்குமா என்றால் அதுவும் சந்தேகமே. சொந்த வண்டிக்கு எடுக்கும் மோட்டார் பாலிசியில், பந்தயத்துக்கும் வேக சோதனைக்கும் பொருந்தாது என்று எழுதியே இருக்கும். மருத்துவக் காப்பீட்டில் அபாய விளையாட்டுகள் பற்றிய பொதுவான விலக்கு ஒன்று உண்டு, அதில் மோட்டார் பந்தயத்தின் பெயரே இருக்கிறது. தொழில்முறையாக ஈடுபடுகிறவருக்கு என்றுதான் அந்த வாசகம் சொல்கிறது. ஆனால் உங்கள் சங்க ஜெர்சியைப் போட்டு, போட்டிக்குப் பயிற்சி எடுக்கிற 17 வயதுப் பையன் எந்தப் பக்கம் என்று வாதாட வேண்டிய நிலையில் ஒரு குடும்பத்தை ஏன் விட வேண்டும்? தனிநபர் விபத்துக் காப்பீட்டில் தொழிலைப் பொறுத்து ஆட்களை மூன்று பிரிவாகப் பிரிக்கும் பழைய முறையில், சக்கர வண்டிப் பந்தயத்தில் ஈடுபடுகிறவர்களைச் சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்களோடும் சர்க்கஸ்காரர்களோடும் மூன்றாவது பிரிவில் வைத்திருக்கிறார்கள். இந்த விளையாட்டைச் சொல்லாமல் எடுத்த பாலிசி எப்போது வேண்டுமானாலும் கைவிடும்.

நம் கடற்கரை வீடுகளில் பரவலாக இருக்கிற ஒன்று, வங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கிற பிரதமரின் சுரக்ஷா பீமா. இறந்தாலோ முழு ஊனமானாலோ 2 லட்சம். 18 முதல் 70 வயது வரைதான் அது செல்லும். டிராக்கில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்த வயதுக்கு வரவே இல்லை. கடலுக்குப் போகிற மீனவருக்குக் குழு விபத்துக் காப்பீட்டில் 5 லட்சம் கிடைக்கும். அவர் மகன் டிராக்கில் விழுந்தால் அதில் ஒரு ரூபாய்கூட வராது. இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், ஆனால் அது சாலை விபத்துக்கென்று வந்த திட்டம்.

ஆகவே சங்கம்தான் எடுக்க வேண்டும். எடுக்கும்போது ஒரு கவனம் தேவை. "பப்ளிக் லயபிலிட்டி இருக்கு" என்று சில கமிட்டிகள் நிம்மதியாக இருக்கின்றன. வேடிக்கை பார்க்க வந்தவர் மேல் டயர் தெறித்து விழுந்தால் அது உதவும். ஓட்டுகிறவருக்கே அடிபட்டால் பல பாலிசிகளில் பங்கேற்பாளர் விலக்கு என்று ஒரு வரி இருக்கும், அதைத் தேடிப் படியுங்கள். இன்னும் சிலர் 1991ஆம் ஆண்டு பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டத்தின்படி எடுத்துவிட்டோம் என்கிறார்கள். அந்தச் சட்டம் போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு, அபாயமான ரசாயனங்களைக் கையாளும் ஆலைகளுக்காக வந்தது. கார்ட் டிராக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஓட்டுகிற பிள்ளைகளுக்கு வேண்டியது குழு விபத்துக் காப்பீடு. யார் மேல் தவறு என்று பார்க்காமல் கொடுப்பது அதுதான். மோட்டார் விளையாட்டு, பயிற்சியும் உட்பட, என்று அதில் எழுத்தில் இருக்க வேண்டும். ஆண்டு முழுவதும் டிராக் திறந்திருக்கும் எல்லா நாட்களும் அடங்க வேண்டும். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் வயது வரம்பைக் குறிப்பிட்டுச் சேர்க்க வேண்டும். மருத்துவச் செலவும் உண்டா என்று கேளுங்கள். இறந்தால் மட்டும் தருகிற பாலிசி, கை முறிந்த பிள்ளைக்கு என்ன செய்யும்? தினக்கூலிக்கு வந்து கொடி பிடிக்கிறவர்களையும் மெக்கானிக்குகளையும் மறந்துவிடாதீர்கள். அவர்கள் உங்கள் வேலையாட்கள், முன்பு 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் சொன்ன பொறுப்பு, இப்போது 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புப்படி உங்களுக்கு உண்டு.

இனி மேற்பார்வை. ராமேஸ்வரத்திலும் மண்டபத்திலும் மீன்துறையின் டோக்கன் இல்லாமல் விசைப்படகு கடலுக்கு இறங்க முடியாது. எந்தப் படகு, எப்போது போனது என்று கரையில் ஒரு கணக்கு இருக்கும், திரும்பி வராத படகு எது என்று அதை வைத்துத்தான் தேடுவார்கள். டிராக்கிலும் அந்த மாதிரி ஒரு நோட்டு வேண்டும். பெயர், வயது, வண்டி எண், உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், வீட்டுத் தொலைபேசி எண், ரத்த வகை. எழுதாமல் ஒருவரும் ஹெல்மெட்டைத் தொடக்கூடாது. நோட்டின் மேலே அன்றைய பொறுப்பாளரின் பெயரும் கையெழுத்தும்.

பொறுப்பாளர் யார் என்பதில் தயவுசெய்து சமரசம் வேண்டாம். அவர் அன்றைக்கு வண்டி ஓட்டக்கூடாது. ஸ்பேனர் பிடிக்கவும் கூடாது, நானே ஷெட்டில் குனிந்து வேலை பார்க்கும்போது டிராக்கைப் பார்க்க முடியாது. கொடிகளின் பொருள் அவருக்குத் தூக்கத்திலும் தெரிய வேண்டும். மஞ்சள் அசைந்தால் அபாயம், வேகம் குறை, முந்தாதே. சிவப்பு என்றால் ஓட்டம் நின்றது. நீலம், பின்னால் வேகமான வண்டி வருகிறது. மஞ்சளில் சிவப்புக் கோடு போட்டது, தரை வழுக்குகிறது. இந்தக் கடைசிக் கொடிதான் நம் கடலோரத்தில் அதிகம் வேண்டும், பல டிராக்குகளில் அதை நான் கண்ணால் பார்த்ததே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, தலைவர் மகனாக இருந்தாலும் "இறங்கு" என்று சொல்லும் அதிகாரம் பொறுப்பாளருக்கு எழுத்தில் இருக்க வேண்டும். அந்த அதிகாரம் இல்லாதவரை நிறுத்தி வைப்பது வீண்.

எத்தனை பேர் வேண்டும் என்று கேட்பீர்கள். டிராக்கின் வடிவம்தான் அதற்குப் பதில் சொல்லும். ஓட்டுகிறவன் கண்ணுக்குத் தெரியாத ஒவ்வொரு இடமும் கொடி வைத்திருக்கும் ஒருவரின் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அந்த ஒருவரை அடுத்த கொடிக்காரர் பார்க்க முடிய வேண்டும். அந்த அளவு ஆள் கிடைக்கவில்லையா, டிராக்கின் பாதியைக் கூம்பு வைத்து மூடிவிட்டு மீதியில் ஓட்டுங்கள். வேக வண்டிகளுக்கு ஒரு மணி நேரம், புதியவர்களுக்கு ஒரு மணி நேரம் என்று பிரித்துவிட்டால் பாதிப் பிரச்சினை அன்றே தீரும். இங்கிலாந்தில் புதிதாகப் போட்டிக்கு வருகிறவருக்குப் பரீட்சை வைத்து, வண்டியில் கறுப்புப் பலகையில் வெள்ளை எண் மாட்டச் சொல்கிறார்கள். பின்னால் வருகிறவருக்கு இவர் புதியவர் என்று தெரிந்துவிடும். ஒரு டப்பா கறுப்பு பெயின்டுக்கு என்ன செலவு ஆகிவிடும்?

அடிபட்டால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே பழகி வையுங்கள். தலையில் பலமான அடி என்றால் பெரும்பாலும் மதுரைக்குத்தான் அனுப்புகிறார்கள், இராமநாதபுரத்திலிருந்தே சுமார் 110 கிலோமீட்டர். மண்டபத்துப் பக்கம் இருந்து கிளம்பினால் இன்னும் தூரம். அவ்வளவு தூரம் இருக்கிற ஊரில் முதல் பத்து நிமிடம் டிராக்கில் இருப்பவர் கையில்தான் இருக்கிறது. கழுத்தை அசைக்காமல், ஹெல்மெட்டை அவசரப்பட்டு இழுக்காமல், 108 வரும்வரை பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஒருவராவது இருக்க வேண்டும். தலையில் அடிபட்ட பிள்ளை "ஒண்ணுமில்லைண்ணே" என்று சொன்னாலும் மருத்துவர் பார்க்கும்வரை மறுபடி வண்டியில் ஏற்றக்கூடாது. 2023இல் இருங்காட்டுக்கோட்டையில் ஜனவரியில் ஒரு கார் பந்தய வீரரும், ஆகஸ்டில் 13 வயது பைக் பந்தயச் சிறுவன் ஒருவனும் இறந்தார்கள். நாட்டின் பெயர்பெற்ற பந்தயத் தடத்தில், தேசியப் போட்டியின்போது நடந்தது அது. அத்தனை ஏற்பாடு இருந்த இடத்திலேயே அப்படி என்றால், ஒரு முதலுதவிப் பெட்டிகூட இல்லாத சாயங்காலத்தை நினைத்து எனக்குத் தூக்கம் வருவதில்லை.

கடலோரம் என்பதால் நமக்கென்று தனியாகச் சில உண்டு. கார்ட்டுக்குப் பின் ஆக்ஸில் ஒரே தண்டு, இரண்டு சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரென்ஷியல் கிடையாது. நம் டிராக்குகளில் ஓடும் வண்டிகளுக்குப் பிரேக்கும் பின்னால் மட்டும்தான். மணல் மேல் பிரேக்கை அழுத்தினால் இரண்டு பின்சக்கரமும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும், வண்டி சுழலாமல் என்ன செய்யும்? கச்சான் காலத்தில் காலையில் ஒரு தடவை கூட்டினால் போதாது. ஒவ்வொரு பிரிவு ஓட்டத்துக்கு முன்னாலும் பொறுப்பாளர் டிராக்கை நடந்து பார்க்க வேண்டும், வளைவுகளில் துடைப்பத்தோடு ஆள் போக வேண்டும். காற்று விடாமல் மணலைக் கொண்டுவந்து கொட்டினால் அன்றைக்கு ஓட்டம் இல்லை என்று சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது உப்பு. படகு எஞ்சினில் நான் தினமும் பார்ப்பது இது. ஆக்ஸிலரேட்டர் கேபிளுக்குள் உப்பேறித் துருப்பிடித்தால், காலை எடுத்த பின்னும் கேபிள் திரும்பாது. வண்டி முழு வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும். ஸ்டியரிங் டை-ராடு முனைகள், பிரேக் டிஸ்க் பின்கள், நட்டுக்குள் போடும் ஸ்பிளிட் பின் எல்லாம் கடல் இல்லாத ஊர்களில் தாங்குகிற காலத்தில் பாதிகூட இங்கே தாங்காது. வெளியே பளபளவென்று பெயின்ட் அடித்திருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். வாரம் ஒரு முறை கேபிளைக் கழற்றிப் பாருங்கள், வண்டிக்கு ஒரு சோதனை அட்டை தொங்கவிடுங்கள். பார்த்தவர் கையெழுத்துப் போடட்டும். ரிமோட்டில் எஞ்சினை அணைக்கும் சுவிட்ச் வாடகை வண்டிகளில் இருந்தால் அது வேலை செய்கிறதா என்று தினமும் முதல் ஓட்டத்துக்கு முன் சோதியுங்கள். இந்த வேலையை உங்கள் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர நான் தயார், கூலி வேண்டாம்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். 2018இல் ஹரியானாவின் பிஞ்சோர் பூங்காவிலும் 2020இல் ஐதராபாத்திலும், தலைமுடி கார்ட்டின் சுழலும் பாகத்தில் சிக்கி இரண்டு இளம் பெண்கள் இறந்தார்கள். சீட்டுக்குப் பின்னால் ஆக்ஸிலும் செயினும் சுற்றுகின்றன, காற்று முடியையும் துப்பட்டாவையும் அங்கேதான் கொண்டுபோகும். மோட்டார் சைக்கிளுக்குப் பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் காப்பு இருக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டு விதிகளே சொல்கின்றன, நாம் சேலை கார்டு என்கிறோமே, அது. கார்ட்டில் அதைக் கேட்க ஆள் இல்லை. செயினுக்கும் ஆக்ஸிலுக்கும் முழு மூடி போடாத வண்டியை வெளியே விடாதீர்கள். முடியைச் சுருட்டி உள்தொப்பிக்குள் வைத்து, கழுத்துவரை மூடும் துணி போட்டு, அதற்கு மேல் முழுமுக ஹெல்மெட். துப்பட்டா, தாவணி, புர்காவின் தொங்கல், ஷால் எதுவும் வெளியே தொங்கக்கூடாது. மேலே ஒரு கவர்-ஆல் போட்டுவிட்டால் எந்த உடுப்பும் உள்ளே அடங்கிவிடும். நாலைந்து அளவில் கவர்-ஆல் சங்கத்திலேயே இருக்கட்டும். கட்டிவிடவும் சரிபார்க்கவும் ஒரு பெண் பொறுப்பாளர் இருந்தால் பிள்ளைகள் கூச்சப்படாமல் காட்டுவார்கள். இந்தச் செய்திகளைப் படித்துவிட்டு "பொம்பளைப் புள்ளைகளுக்கு இது வேண்டாம்" என்று ஒரு கமிட்டியில் பேசியதாகக் கேள்விப்பட்டேன். மூடி போடாதது நம் குறை, அதற்குப் பிள்ளைகளை வெளியே நிறுத்துவது அநியாயம்.

ஒப்புதல் படிவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்போது இருப்பது ஆங்கிலத்தில், பொடி எழுத்தில். எது நடந்தாலும் சங்கம் பொறுப்பல்ல என்று ஒரு வரி. 18 வயது ஆகாதவர் போடும் ஒப்பந்தம் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது. பெரியவர் கையெழுத்துப் போட்டிருந்தாலும், கட்டணம் வாங்கி நடத்துகிற இடத்தில் கவனக்குறைவு என்று நுகர்வோர் ஆணையத்துக்கு ஒருவர் போனால் அந்த ஒரு வரி உங்களைக் காப்பாற்றும் என்று நம்பி இருக்காதீர்கள். அதைவிடப் படிவத்தைத் தமிழில் போட்டு, என்னென்ன அபாயம், எந்தக் காப்பீடு, எவ்வளவு தொகை, எதற்குக் கிடைக்காது என்று தெளிவாக எழுதுங்கள். நம் பக்கத்தில் பாதி வீடுகளில் அப்பாவோ வாப்பாவோ துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார். அதனால் மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டு அண்ணன் என்று யார் வந்தாலும் கையெழுத்து வாங்கிவிடுகிறோம். அம்மா வீட்டில்தானே இருக்கிறார், அவரை வரச் சொல்லுங்கள். வந்து டிராக்கைப் பார்க்கட்டும், படிவத்தை ஒருவர் வாசித்துக் காட்டட்டும், கேள்வி கேட்கட்டும், அப்புறம் கையெழுத்துப் போடட்டும்.

இவ்வளவும் செய்தால் கட்டணம் ஏறும், ஏழை வீட்டுப் பிள்ளைகள் வர முடியாது என்று நீங்கள் சொல்வது எனக்குத் தெரியும். நியாயமான கவலைதான், என் அண்ணன் மகளின் கட்டணமே வலைக்காசிலிருந்து வருவது. அதற்கு வழி உண்டு. டிராக் தினமும் திறந்திருக்க வேண்டியதில்லை, வாரத்தில் இரண்டு நாள் முழு ஏற்பாட்டோடு திறந்தால் போதும். கடலோரச் சங்கங்கள் தனித்தனியாகப் பாலிசி கேட்பதை விட்டு ஒன்றாகச் சேர்ந்து கேளுங்கள், ஆள் எண்ணிக்கை கூடினால் பேரம் பேச முடியும். ஆளுக்கு ஒரு ஞாயிறு என்று முறைவைத்தால் ஒரு சங்கத்தின் கொடிக்காரர்கள் அடுத்த சங்கத்துக்கும் வரலாம். மத்திய அரசு அங்கீகரித்த மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ.க்கு ஒன்றாகக் கடிதம் எழுதி, பயிற்சி நாளுக்கு என்ன விதி, என்ன காப்பீடு என்று கேளுங்கள். மாவட்ட ஆட்சியரிடமும் மாவட்ட விளையாட்டு அலுவலரிடமும் நீங்களே போய், எங்கள் விதி இது, வந்து பாருங்கள் என்று சொல்லுங்கள். பெரிய விபத்து ஒன்று நடந்து அவர்கள் பூட்டுப் போட வருவதற்கு முன்னால் போவது உங்களுக்கும் நல்லது.

வருகிற பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். பொறுப்பாளர் இல்லாமல் டிராக் திறக்கக்கூடாது, பயிற்சி நாளும் அடங்கிய குழு விபத்துக் காப்பீடு இல்லாமல் ஒருவரையும் ஓட்ட விடக்கூடாது என்ற இரண்டு வரி போதும், மற்றதைக் கமிட்டி எழுதிக்கொள்ளலாம். பள்ளி விடுமுறை தொடங்கி டிராக்கில் கூட்டம் சேர்வதற்குள் அது நடைமுறைக்கு வரட்டும். பாலிசியின் நகலைக் கேட்டுக்குப் பக்கத்தில், தாய்மார்கள் நின்று படிக்கிற உயரத்தில் ஒட்டுங்கள். அதுவரை அண்ணன் மகளை நான் டிராக்குக்கு அழைத்து வரப்போவதில்லை. அவள் என்னோடு பேசாமல் இருக்கிறாள். பிள்ளைகளை அனுப்புகிற மற்ற வீட்டாரிடமும் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன், அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. தீர்மானம் நிறைவேறிய மறு ஞாயிறு கொடியோடும் துடைப்பத்தோடும் முதல் ஆளாக வந்து நிற்பேன்.

அன்புடன்,
மண்டபம் பக்கத்துப் படகு மெக்கானிக் ஒருவன்